மீண்டு வந்த மெக்லாரன்: இந்த வெற்றி நிலைக்குமா?

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் ஒட்டுக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட வீடு திரும்பாமல் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூர் மரினா பே வீதிகளில், இரவைப் பகலாக்கும் விளக்கொளியில், பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

அன்று முதலாவதாக வந்தவர் மெர்சிடிஸ் குழுவின் ஜார்ஜ் ரசல். ஆனால் எல்லாருடைய கண்ணும் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த இரண்டு பப்பாளி நிறக் கார்களின் மேல்தான் இருந்தது. ஆண்டு முடிய இன்னும் 6 பந்தயங்கள் மிச்சமிருக்கும்போதே, அந்த ஆண்டின் குழுப் பட்டத்தை மெக்லாரன் அன்றிரவு உறுதி செய்துகொண்டது. 2024-ஆம் ஆண்டிலும் அதே பட்டம் அவர்களுடையதுதான். ஒரு காலத்தில் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த குழு அது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். 2003-ஆம் ஆண்டு நம் செப்பாங் திடலில் மெக்லாரன் காரை ஓட்டி கிமி ரைக்கோனன் தம் முதல் வெற்றியைப் பெற்றபோது, வெயிலில் நின்று நேரில் பார்த்தவர். அவர் கோப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் மாமாங்கத்துக்கு ஒரு தடவை வர்ற யோகம், வாத்தியாரே. இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க, பழைய குருடி கதவைத் திறடிதான்!"

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் அவருடைய பேரன் என் மேசைக்கு அருகில் வந்து நின்றான். ஐந்தாம் ஆண்டு மாணவன். "ஐயா, தாத்தா சொல்றது சரியா? தோத்துட்டு ஜெயிச்சவங்க மறுபடியும் தோத்துத்தான் போவாங்களா?" என்று கேட்டான்.

அவன் கார்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

ஓட்டுபவர் இருவர், உழைப்பவர் நூற்றுக்கணக்கானோர்

கார்ப் பந்தயத்தைப் பற்றி அதிகம் அறியாத தாய்மார்களும் நம் வாசகர்களில் உண்டு. அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

2025-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் 10 குழுக்கள் போட்டியிட்டன. ஒவ்வொரு குழுவுக்கும் 2 கார்கள், 2 ஓட்டுநர்கள். ஓராண்டில் 24 நகரங்களில் 24 பந்தயங்கள். ஒரு பந்தயத்தில் முதலாவதாக வருபவருக்கு 25 புள்ளி, இரண்டாமவருக்கு 18, மூன்றாமவருக்கு 15 என்று பத்தாமவர் வரை புள்ளிகள் உண்டு. ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி பெற்ற ஓட்டுநர் உலக வெற்றியாளர். இரண்டு கார்களின் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து, அதிகம் பெற்ற குழுவுக்குத் தனிப் பட்டம்.

இந்தக் குழுப் பட்டம்தான் காரைக் கட்டியவர்களுக்கு உரியது. வரைபடம் போடுபவர், இரும்பு கடைபவர், டயர் மாட்டுபவர், கணக்குப் பார்ப்பவர் என்று நூற்றுக்கணக்கானோர் இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் உள்ள தொழிற்கூடத்தில் இரவு பகலாக உழைக்கின்றனர். 2023-ஆம் ஆண்டு கட்டார் பந்தயத்தில் மெக்லாரன் ஊழியர்கள் 4 டயர்களையும் 1.80 விநாடியில் மாற்றி உலகச் சாதனை செய்தார்கள். நாம் கண்ணை மூடித் திறந்து ஒரு மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதில் ஒருவர் கை பிசகினாலும் ஓட்டுநரின் திறமை வீண்.

ஆகவே, ஒரு குழுவின் வெற்றி நிலைக்குமா என்று கேட்பது, ஓட்டுநர் நன்றாக ஓட்டுவாரா என்று கேட்பதாகாது. அந்தத் தொழிற்கூடத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்று கேட்பதாகும்.

ஏறிய மலையும் இறங்கிய பள்ளமும்

மெக்லாரன் குழுவைத் தொடங்கியவர் நியூசிலாந்துக்காரரான புருஸ் மெக்லாரன். ஆண்டு 1963. 1968-இல் பெல்ஜியத்தில் தம் பெயர் கொண்ட காரைத் தாமே ஓட்டி, குழுவுக்கு முதல் பார்முலா ஒன் வெற்றியைத் தேடித் தந்தார். இரண்டே ஆண்டில், 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் ஒரு காரைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் மாண்டார். தலைவன் போனால் வீடு கலைந்துவிடும் என்பார்கள். ஆனால் அவரோடு உழைத்தவர்கள் கலையவில்லை. 1974-இல் முதல் குழுப் பட்டத்தை வென்றார்கள்.

அதன் பிறகு ஒரு சரிவு. 1980-இல் ரோன் டென்னிஸ் என்பவரின் குழுவோடு இணைந்த பின் மறு எழுச்சி. 1981-இல் கார்பன் இழையால் ஆன உடலைக் கொண்ட காரைப் பந்தயத்தில் இறக்கி, எல்லாருக்கும் வழிகாட்டினார்கள். 1984 முதல் 1991 வரையிலான 8 ஆண்டுகளில் 6 குழுப் பட்டங்கள். 1988-இல் ஹோண்டா இயந்திரத்தோடு, அயர்ட்டன் சென்னாவும் அலென் பிரோஸ்டும் ஓட்ட, நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் வென்றது. நம்மில் நடுத்தர வயதினர் அந்தச் சிவப்பு வெள்ளைக் காரை மறந்திருக்க மாட்டார்கள்.

1992 முடிவில் ஹோண்டா விலகியது. 1994 முதல் 1996 வரை மூன்று ஆண்டுகள் ஒரு வெற்றிகூட இல்லை. 1998-இல் மீண்டும் குழுப் பட்டம். 2008-இல் லூயிஸ் ஹமில்டன், பிரேசில் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலக வெற்றியாளர் ஆனார். 2012-ஆம் ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் ஜென்சன் பட்டன் வென்றார். அன்றோடு விளக்கு அணைந்தது.

அடுத்த வெற்றிக்கு அவர்கள் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில், 2015-ஆம் ஆண்டில் 10 குழுக்களில் 9-ஆம் இடம். 2017-இலும் 9-ஆம் இடம். 2015-இல் காரை ஓட்டியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பெர்னாண்டோ அலொன்சோ, ஜென்சன் பட்டன் ஆகிய இருவரும் முன்னாள் உலக வெற்றியாளர்கள். நல்ல ஓட்டுநர் இருந்தால் போதும் என்பவர்கள் இந்த ஓராண்டுக் கணக்கைப் பார்த்தால் போதும்.

பழி போட ஆள் இல்லாத நாள்

இந்தச் சரிவுக் காலத்தில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. மெக்லாரன் தன் இயந்திரத்தைத் தானே செய்வதில்லை. வெளியிலிருந்து வாங்குகிறது. 2015 முதல் 2017 வரை ஹோண்டா இயந்திரம். அது அடிக்கடி பழுதானது உண்மை. பந்தயம் நடுவிலேயே கார் நின்றுபோகும். "கார் நன்றாக இருக்கிறது, இயந்திரம்தான் சரியில்லை" என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவியது.

2018-இல் ஹோண்டாவை விட்டுவிட்டு ரெனோ இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதே ரெனோ இயந்திரத்தை வைத்திருந்த ரெட்புல் குழு அந்த ஆண்டில் பந்தயங்களை வென்றது. மெக்லாரன் வெல்லவில்லை. வண்டி வண்டியாகவே கிடந்தது. அப்போதுதான் குறை காரிலேயே இருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அது மட்டுமா? அவர்கள் விலக்கிய ஹோண்டா இயந்திரத்தோடுதான் 2021-இல் ரெட்புல் குழுவின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் உலக வெற்றியாளர் ஆனார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் முன்னோர் மொழி. இதை நான் மெக்லாரன் ஊழியர்களை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. பழி போட ஆள் இல்லாமல் போன அந்த ஆண்டிலிருந்துதான் அவர்களுடைய எழுச்சி தொடங்கியது என்பது என் எண்ணம். தன் குறையைத் தானே பார்க்க வேண்டிய நிலைமை வந்தது. பார்த்தார்கள்.

கஷ்டம் அத்தோடு தீரவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்து பந்தயங்கள் நின்றன. பணமுடை கழுத்தை நெரித்தது. பஹ்ரைன் நாட்டு வங்கி ஒன்றிடம் கடன் வாங்கினார்கள். 2021-இல் பெருமையோடு கட்டிய தலைமையகத்தையே விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் நடத்தும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ. அந்தக் குடும்பங்களுக்கு இந்தச் செய்கை விளங்கும். கட்டடம் போனாலும் காரின் வேலை நிற்கவில்லை.

கடைசி இடத்திலிருந்து முதலிடம்

2022 டிசம்பரில் ஆண்ட்ரியா ஸ்டெல்லா என்ற இத்தாலியப் பொறியாளர் குழுவின் தலைவரானார். 2015 முதல் அங்கேயே வேலை பார்த்தவர். 2023-இல் புதிய காரை உலகுக்குக் காட்டும் நாளன்றே, கார் தாங்கள் நினைத்த அளவுக்கு வரவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். முதல் பந்தயத்தில் அது உண்மையாயிற்று. பஹ்ரைனில் ஒரு கார் நின்றுபோனது. மற்றொன்று 17-ஆம் இடத்தில், ஓடி முடித்த கார்களில் கடைசியாக வந்தது.

ஸ்டெல்லா ஒரு மந்திரவாதியைத் தேடவில்லை. தொழில்நுட்பப் பொறுப்பை ஒருவர் தலையில் சுமத்தாமல் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த ஆண்டிலேயே வோக்கிங்கில் சொந்தக் காற்றுச் சுரங்கமும் வேலைக்கு வந்தது. காற்றுச் சுரங்கம் என்பது, காரின் சிறிய மாதிரியை நிறுத்தி, விசிறியால் காற்றை வேகமாக வீசச் செய்து, காரின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் கூடம். அதுவரை ஜெர்மனியில் இருந்த வேறொரு நிறுவனத்தின் சுரங்கத்தை வாடகைக்கு எடுத்துச் சோதித்து வந்தார்கள். இரவல் கத்தியில் பால் வெட்டுபவனுக்கும் சொந்தக் கத்தியைத் தீட்டி வைத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

2023 ஜூலையில் ஆஸ்திரியாவில் திருத்திய பாகங்கள் வந்தன. அடுத்த வாரமே இங்கிலாந்தில் லாண்டோ நோரிஸ் இரண்டாவதாக வந்தார். 2024 மே மாதம் மயாமியில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். இன்னொரு ஓட்டுநரான ஆஸ்கர் பியாஸ்திரி ஹங்கேரியில் வென்றார். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தில், 666 புள்ளிகளோடு, 652 புள்ளி பெற்ற பெராரியை முந்திக் குழுப் பட்டத்தை வென்றார்கள். 1998-க்குப் பிறகு 26 ஆண்டுகள் கழித்து வந்த பட்டம்.

2025-இல் நோரிஸ் 7 வெற்றி, பியாஸ்திரி 7 வெற்றி. குழுப் பட்டம் சிங்கப்பூரில். டிசம்பர் 7-ஆம் நாள் அபுதாபியில் நோரிஸ் 423 புள்ளிகளோடு உலக வெற்றியாளர் ஆனார். 421 புள்ளிகளோடு வெர்ஸ்டாப்பன் இரண்டாமவர்.

இந்த வெற்றியில் ஒரு செய்தி முக்கியமானது. மெக்லாரன் இப்போது மெர்சிடிஸ் இயந்திரத்தை வாங்கிப் பொருத்துகிறது. 2014-இலும் அவர்களிடம் மெர்சிடிஸ் இயந்திரம்தான் இருந்தது. அந்த ஆண்டு மெர்சிடிஸ் சொந்தக் குழு பட்டம் வென்றது. மெக்லாரன் 5-ஆம் இடம். பத்தாண்டு கழித்து 2024-இல் மெக்லாரன் முதலிடம், இயந்திரத்தைச் செய்து கொடுத்த மெர்சிடிஸ் 4-ஆம் இடம். ஒரே மாவு வியாபாரியிடம் இரண்டு வீட்டார் மாவு வாங்கினாலும், பலகாரத்தின் ருசி கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது.

பெரியவர் பக்கத்து நியாயம்

இனி, "நிலைக்காது" என்று சொன்ன லோரி ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவர் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, விதிமாற்றம். 2025-ஆம் ஆண்டோடு பழைய விதிகள் முடிந்தன. 2026 முதல் காரின் அமைப்பே வேறு. உந்துசக்தியில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வர வேண்டும். எண்ணெய், பூமியிலிருந்து எடுக்கும் பெட்ரோலாக இருக்கக்கூடாது. கார் முன்பைவிடச் சிறியதாகவும் 30 கிலோ எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். நேர்ப்பாதையில் ஒரு விதமாகவும் வளைவில் ஒரு விதமாகவும் இறக்கைகள் திரும்ப வேண்டும்.

இதை நம் பாஷையில் சொன்னால் மறுநடவு. பழைய ரப்பர் மரங்கள் எவ்வளவு பால் கொடுத்தாலும், ஒரு நாள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கன்று நட வேண்டும். நேற்று வரை அதிகப் பால் கொடுத்த காடும், குறைவாகக் கொடுத்த காடும் அன்றைக்கு ஒன்றுதான். இரண்டும் வெறுந்தரை.

விதிமாற்றம் ராஜாக்களைக் கவிழ்த்த கதைகள் உண்டு. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து 8 குழுப் பட்டங்களை வென்ற மெர்சிடிஸ், 2022-இல் விதி மாறியதும் 3-ஆம் இடத்துக்கு இறங்கியது. மெக்லாரனுக்கே அந்த அனுபவம் இருக்கிறது. 2008-இல் கடைசிச் சுற்று வரை போராடி ஹமில்டன் வென்றார். 2009-இல் விதி மாறியது. முந்திய ஆண்டில் 9-ஆம் இடத்தில் கிடந்து, கைவிடப்பட்டு, கைமாறிய ஒரு குழு பிரோன் என்ற புதுப் பெயரோடு வந்து இரண்டு பட்டங்களையும் அள்ளிக்கொண்டு போனது. மெக்லாரனுக்கு அந்த ஆண்டு முழுவதும் இரண்டே வெற்றிகள்.

இரண்டாவது, வென்றவனுக்கு வரும் கட்டுப்பாடு. ஒரே குழு ஆண்டுக்கணக்கில் வென்றுகொண்டிருந்தால் ரசிகர்களுக்குச் சலிப்பு வரும் என்று, போட்டியை நடத்துபவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2025 வரையிலான 10 குழுக் கணக்குப்படி, முதலிடத்தில் இருப்பவருக்குக் காற்றுச் சுரங்கச் சோதனையில் குறித்த அளவில் 70 விழுக்காடுதான் கிடைக்கும். பத்தாமிடத்தில் இருப்பவருக்கு 115 விழுக்காடு. மேலே ஏறுபவன் முதுகில் மூட்டையை ஏற்றுகிறார்கள், கீழே நிற்பவனுக்கு ஏணியைக் கொடுக்கிறார்கள். 2021 முதல் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. பணத்தைக் கொட்டி வெற்றியைத் தக்கவைக்கும் காலம் முடிந்தது. 2023-இல் 22 பந்தயங்களில் 21-ஐ வென்ற ரெட்புல், 2024-இல் 3-ஆம் இடத்துக்கு வந்ததைப் பார்த்தோமே.

மூன்றாவது, ஒரே உறையில் இரண்டு கத்தி. 2007-இல் மெக்லாரன் காரை ஓட்டிய அலொன்சோவும் ஹமில்டனும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். ஆண்டு முடிவில் இருவருக்கும் 109 புள்ளி. பெராரிக்குப் போயிருந்த அதே கிமி ரைக்கோனன் 110 புள்ளியோடு பட்டத்தைத் தட்டிச் சென்றார். 2025-இலும் அந்தக் கதை திரும்பி வரப் பார்த்தது. நோரிஸும் பியாஸ்திரியும் ஆளுக்கு 7 வெற்றி என்று புள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டு முடிவில் 104 புள்ளி பின்தங்கிக் கிடந்த வெர்ஸ்டாப்பன், கடைசியில் 2 புள்ளி இடைவெளிக்கு வந்துவிட்டார். மயிரிழையில் தப்பித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பேரன் பக்கத்து நியாயம்

இத்தனையையும் கேட்ட பிறகும், வெற்றி உடனே உதிர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குக் காரணம், அவர்கள் வென்ற பந்தயங்கள் அல்ல. 2025 இறுதியில் அவர்கள் கோட்டைவிட்ட இரண்டு பந்தயங்கள்.

நவம்பரில் லாஸ் வேகாஸ் பந்தயத்தில் நோரிஸ் இரண்டாவதாகவும் பியாஸ்திரி நான்காவதாகவும் வந்தார்கள். பந்தயம் முடிந்தபின் நடந்த சோதனையில், காரின் அடியில் இருக்கும் பலகை விதித்த அளவைவிடத் தேய்ந்திருந்தது தெரிந்தது. இரண்டு கார்களின் புள்ளிகளும் பறிபோயின. அடுத்த வாரம் கட்டாரில், பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஒரு மோதல் நடந்து எல்லாரும் மெதுவாக ஓட வேண்டி வந்தது. ஏறக்குறைய மற்ற எல்லாக் குழுக்களும் அந்த நேரத்தைப் பயன்படுத்தி டயரை மாற்றிக்கொண்டன. மெக்லாரன் மாற்றவில்லை. கையில் இருந்த வெற்றி வெர்ஸ்டாப்பனுக்குப் போனது.

பட்டத்துக்குப் போராடும் நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு அடி. வேறொரு இடமாக இருந்தால், டயர்க்காரன்மேல் ஒருவன், கணக்கன்மேல் ஒருவன், வானத்தின்மேல் ஒருவன் என்று பழி பறந்திருக்கும். ஸ்டெல்லா என்ன செய்தார்? லாஸ் வேகாஸில் ஓட்டுநர்கள் இருவரிடமும் குழுவின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். கட்டாரில் எடுத்த முடிவு தவறு என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அபுதாபியில் அவர்களுடைய கார்கள் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் பிழையின்றி ஓடி முடித்தன. நோரிஸுக்கு மகுடம் கிடைத்தது அந்த மூன்றாம் இடத்தால்தான்.

தோற்கும்போது தன் குறையைப் பார்ப்பது பெரிய காரியமல்ல, தோல்வி அதைப் பார்க்க வைத்துவிடும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே தன் குறையைப் பார்ப்பதுதான் கடினம். 2018-இல் கட்டாயத்தால் கற்ற பாடத்தை, 2025-இல் மாலை கழுத்தில் விழும் நேரத்திலும் அவர்கள் மறக்கவில்லை.

ஆகவே என் கணிப்பு இதுதான். பட்டம் ஆண்டுதோறும் அவர்களிடமே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விதி மாறும், எதிரி வலுப்பெறுவான், பட்டம் கைமாறும். ஆனால் பழையபடி 9-ஆம் இடத்துக்கு விழ மாட்டார்கள். சொந்தச் சுரங்கம் இருக்கிறது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. 2030 வரை மெர்சிடிஸ் இயந்திரத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மறுநடவில் எல்லாருக்கும் தரை ஒன்றுதான் என்றேன். ஆனால் நல்ல நாற்றங்காலும் பழகிய கைகளும் உள்ள தோட்டம் அடுத்த விளைச்சலுக்குச் சீக்கிரம் தயாராகும்.

பந்தயம் பார்க்கும் வாசகர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். மெக்லாரன் தோற்கும் நாளில் அவர்கள் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்க்காதீர்கள். தோற்றதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். "இயந்திரம் கொடுத்தவன் சரியில்லை", "விதி எழுதியவன் சரியில்லை" என்ற பேச்சு என்றைக்குத் தொடங்குகிறதோ, அன்றைக்குச் சரிவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளி ஓட்டம்

இனி, அந்தப் பையன் எதற்காகக் கேட்டான் என்ற சங்கதி.

எங்கள் பள்ளியில் மொத்தம் 34 பிள்ளைகள். பட்டணத்துக்குக் குடிபோகும் குடும்பங்கள் கூடக் கூட, வகுப்பறைகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், மாவட்ட அஞ்சலோட்டத்தில் எங்கள் பிள்ளைகள் முதலிடம் பெற்றார்கள். நான்தான் பயிற்சி கொடுத்தேன். கடைசியாக ஓடிய மாணவன் காற்றாகப் பறப்பவன். யார் எப்படி ஓடினாலும் அவன் பிடித்துவிடுவான் என்று, அவனை மட்டும் நம்பினேன். கோல் மாற்றும் பயிற்சியை மற்றவர்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் அந்தக் குறை என் கண்ணில் படவில்லை.

மறு ஆண்டு அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். போட்டியில் எங்கள் பிள்ளைகளின் கை தவறிக் கோல் கீழே விழுந்தது. கடைசியாக வந்தோம். "பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஓட ஆள் இல்லை" என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி என் தவறு. அதை நான் சொல்லவில்லை.

2025-இல் பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் மூன்றாவதாக வந்தார்கள். நான்கு பேரில் ஒருவன்தான் அந்தப் பேரன். மற்ற மூவரும் ஆறாம் ஆண்டு. அவர்கள் போய்விட்டால் மிஞ்சுபவன் இவன் ஒருவன்தான். "மறுபடியும் தோத்துத்தான் போவாங்களா?" என்று அவன் கேட்டது இதற்காகத்தான்.

அபுதாபிப் பந்தயம் முடிந்த வாரத்தில் அவனைக் கூப்பிட்டேன். அன்று நான் செய்த தவறை முதலில் அவனிடம் சொன்னேன். ஓர் ஆசிரியர் தம் தவறை மாணவனிடம் சொல்வது நம் வழக்கமில்லை. அவனும் கொஞ்சம் திகைத்துத்தான் போனான். பிறகு கோலை அவன் கையில் கொடுத்தேன். "நாலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டி வா. இவ்வளவு நாள் நீ கற்றுக்கொண்டதை அவர்களுக்குச் சொல்லிக் கொடு. ஓடுவது பிறகு. முதலில் கோலைக் கீழே விழாமல் கொடுக்கவும் வாங்கவும் பழகட்டும்" என்றேன்.

"அப்படின்னா ஜெயிப்போமா, ஐயா?" என்றான்.

"அது எனக்குத் தெரியாது. கோல் கீழே விழாது" என்றேன்.

அன்று மாலை பள்ளித் திடலில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஓடாமல், நடந்தபடியே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கோலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த தாய்மார்கள் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பேரனைத் தேடி வந்த லோரி ஓட்டுநர் மட்டும் போகவில்லை. வேலியோரம் நின்று, "இடது கையில வாங்குடா!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.